கேலரியில் கிடந்த செருப்புகள்

நகரத்துப் பெரிய விளையாட்டரங்கத்தைக் கட்டி முடித்த வருஷமே அங்கே பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் அவளுக்கு வேலை. ஆனாலும் ஊர் அணி ஜெயித்ததா, தோற்றதா என்று யாரையும் கேட்க மாட்டாள். ஜெயித்த அன்று கேலரி முழுக்க ஒற்றைச் செருப்புகள் கிடக்கும்.

"குதிக்கிற குதியில செருப்பு கழண்டதுகூடவா தெரியாது? கூறுகெட்டதுங்க!" என்று திட்டிக்கொண்டே பொறுக்குவாள்.

ஓய்வு பெற்றபோது மேனேஜர் முன்வரிசை டிக்கெட் ஒன்றைக் கொடுத்தார். வேண்டாவெறுப்பாகத்தான் போனாள்.

சாயங்காலம் கதவைத் திறந்த கணவர் அவள் காலைப் பார்த்தார். "என்னடி, இன்னொரு செருப்பு எங்க?"

"நம்ம பசங்க ஜெயிச்சுட்டாங்க!" என்றாள் மூச்சிரைக்க. "புதுசா பெருக்க வந்திருக்கிறவ இந்நேரம் என்னைத் திட்டிக்கிட்டிருப்பா."