அணியத்தில் ஒட்டிய மயில்மீன்

அண்ணனின் வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிப்பதா, ஸ்டிக்கர் ஒட்டுவதா என்று எங்கள் வீட்டில் நான்கு நாள் பேச்சு நடந்தது. நான்கு நாளும் பேசியது நான்தான். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள், "சரிடா, உன் இஷ்டம்போல செய்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனான். அன்றைக்கு அவன் கொஞ்சமாவது சண்டை போட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். செய்ததெல்லாம் நான், அதற்கும் அவனையே குறை சொல்லும் புத்தி எனக்கு.

தாத்தா காலத்தில் நகரசபை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வெளியே மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். எங்கள் வீட்டில் கடலுக்குப் போனது அண்ணன் ஒருவன்தான். இன்னொருவர் வள்ளத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கினான். பலகைக்கு மேல் ஃபைபர் போட்ட வள்ளம். அவனோடு நான்கு பேர் போவார்கள். நான் கொச்சங்காடியில் ஒரு பழைய கிட்டங்கியின் முன்னறையில் ஸ்டிக்கர் கடை நடத்துகிறேன். ஆட்டோ, கார், டூரிஸ்ட் பஸ் எல்லாவற்றுக்கும் சட்டை மாட்டிவிட்டேன், வள்ளத்துக்கு மட்டும் இதுவரை மாட்டவில்லையே என்ற குறை எனக்கு வெகுநாளாக இருந்தது.

ஒவ்வொரு வருடமும் மழை தொடங்குவதற்கு முன் வள்ளத்தைக் கரையேற்றிப் பழைய பெயிண்டைச் சுரண்டி, புதிதாக அடிப்பார்கள். பத்து நாள் வேலை. நான் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஸ்டிக்கர் என்றால் இரண்டே நாள். மீதி நாட்களில் கடலுக்குப் போகலாம். வெயிலில் வெளுக்காது. உப்புத் தண்ணீருக்கு அசையாது. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் நான் அத்தனை பிடிவாதம் பிடித்தது அதற்காக இல்லை. மயில்மீன் ஒன்றை வரைந்து வைத்திருந்தேன். வள்ளத்தின் பின்புறத்தில் வால் தொடங்கும், பக்கவாட்டு முழுக்கத் துடுப்பை விரித்துக்கொண்டு பாயும், ஈட்டிபோன்ற அதன் நீள மூக்கு முன்பக்கத்தில் விளிம்பைத் தாண்டி மேலேறி அணியத்தில் முடியும். அதை ஊரே பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அணியம் என்பது வள்ளத்தின் முன்முனையில் இருக்கும் சின்ன மேடை. கரைக்கு வரும்போது அண்ணன் கையில் கயிறோடு அதில்தான் நிற்பான். வள்ளம் ஜெட்டியை நெருங்கியதும் தாவி இறங்கிக் கட்டுவான். அதற்காகவே அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அணியத்தில் கடைசிப் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைக் கைநிறைய அள்ளித் தூவுவான். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு முறை அடிப்பான். தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும். என் புது பேன்ட் ஒன்று அதில் உரசிக் கிழிந்திருக்கிறது. மீன் செதிலும் கொழுப்புமாக வழிந்தாலும் அதில் கால் பிடித்து நிற்கும்.

சொரசொரப்பில் ஸ்டிக்கர் ஒட்டாது. அதனால் ஒரு மதியம் கடையிலிருந்து தேய்க்கும் மெஷினைக் கொண்டுபோய் அந்த மணலையெல்லாம் நானே தேய்த்தெடுத்தேன். சாயா வாங்கிக்கொண்டு வந்த அண்ணன் பார்த்துவிட்டு நின்றான்.

"அய்யோ, அதை எதுக்குடா தேய்ச்ச? அது நான் நிக்கறதுக்குப் போட்டதுதானே?"

"பின்னே ஸ்டிக்கர் எப்படிப் பிடிக்கும்?"

"சைடுல மட்டும் ஒட்டினா மதி, அது போதும். மேல பெயிண்டே இருக்கட்டும்."

"அப்ப மீனோட மூக்கு பாதியில நின்னு போகும் அண்ணே."

"மூக்கு இல்லேன்னா உன் மீனு நீந்தாதா?"

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். "மாடிப்படியில ஒட்டுற கறுப்புப் பட்டை கடையில இருக்கு. ரெண்டு பட்டை ஒட்டித் தரேன், கால் வழுக்கவே வழுக்காது" என்றேன். அவன் நம்பினான். நான் சொன்னால் நம்புவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மீன் அழகாக வந்தது. அதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனாலும் வந்தது. வள்ளத்தை இறக்கிய அன்று சுற்றுலா வந்தவர்கள்கூட நின்று படம் எடுத்தார்கள். அண்ணன் கரையில் கைகட்டி நின்று, "தம்பி செஞ்சது, என் தம்பி" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான். மூன்று வள்ளக்காரர்கள் என் கடைக்கே தேடி வந்தார்கள்.

பட்டையை நான் ஒட்டவில்லை. அண்ணன் இரண்டு முறை நினைவுபடுத்தினான். முதல் முறை வேலை அதிகம் என்றேன். இரண்டாம் முறை மழை விடட்டும் என்றேன். உண்மையில் அந்தக் கறுப்புப் பட்டைகள் மீனின் மூக்குக்குக் குறுக்கே இரண்டு கோடு போட்டதுபோல விழும். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இந்தக் காரணத்தை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மழை தொடங்கி இரண்டாவது வாரம். விடிந்து வெகுநேரமாகியிருந்தது. வள்ளம் திரும்பி வருவதைக் கடைக்காக வீடியோ எடுக்க நான் ஜெட்டியில் நின்றிருந்தேன். நல்ல சாளை கிடைத்திருந்தது. அண்ணனோடு போகும் குளச்சல்காரர், அணியத்தைக் கழுவுவது அவர் பொறுப்பு, ஒரு வாளித் தண்ணீரை அதில் வீசிவிட்டு வலையைப் பிரிக்க ஓடினார். அண்ணன் கயிறோடு ஏறி நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். வள்ளம் ஜெட்டியில் லேசாக இடித்தது. எப்போதும் இடிப்பதுதான். கால் அந்த மூக்கின்மேல் ஒரு முழம் சறுக்கியது. வள்ளத்துக்கும் ஜெட்டிக் கல்லுக்கும் நடுவே முழங்கால் மாட்டியது. அவன் கத்தியது எனக்கு முதலில் போனுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. அந்த வீடியோவை அன்றே அழித்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், நடக்கலாம், ஆனால் முட்டி பழையபடி மடங்காது, கடல் வேலை இனி வேண்டாம் என்றார். அண்ணி அழவில்லை. வாசலில் நின்ற வள்ளத்து ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு அணியம் கழுவினது யாரு?"

குளச்சல்காரர் முன்னால் வந்தார். "நாந்தான் அக்கா. ஒரு வாளிதான் ஊத்துனேன். வல கெடந்துச்சுன்னு..."

அண்ணி அவரைப் பேசியதையெல்லாம் இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் போட்டுவிட்டாய் என்பதுதான் அதில் கடைசி. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். நான் இரண்டடி தள்ளி, சுவரோரமாக நின்றிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். என் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஜெட்டிக்குப் போனேன். அணியத்தில் இருந்த மூக்கைப் பிளேடால் கீறி உரித்தெடுத்தேன். கேட்டவர்களிடம், அடிபட்டுக் கிழிந்துவிட்டது என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. அண்ணி வந்து பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அத்தனை அவசரம்.

மணலை நான் தேய்த்தெடுத்ததும், பட்டை ஒட்டாமல் விட்டதும் அண்ணனுக்கு மட்டும் தெரியும். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "அண்ணே, நான் அண்ணிகிட்ட சொல்லிடறேன்" என்றேன். சொல்லும்போதே, வேண்டாம் என்று சொல்லமாட்டானா என்றுதான் எனக்கு இருந்தது.

"வேண்டாம்டா," என்றான். "அவ அறிஞ்சா உன்னை வீட்டுப் படி ஏத்தமாட்டா. போன கால் போச்சு. தம்பியும் போகணுமா?"

"அப்ப அந்த ஆளு?"

போர்வையைக் கட்டுப்போட்ட காலின்மேல் இழுத்துவிட்டான். "அவனுக்கு வேற வள்ளம் கிடைக்கும்" என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

கிடைக்கவில்லை. சின்னக் கரை இது. அணியத்தை ஒழுங்காகக் கழுவாமல் முதலாளியின் காலை ஒடித்தவன் என்ற பேச்சு ஒவ்வொரு வள்ளத்துக்கும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. எனக்கு அதெல்லாம் தெரியும். சாயாக்கடையில் என் எதிரிலேயே பேசினார்கள். நான் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வள்ளத்தை அண்ணன் விற்றுவிட்டான். இப்போது மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஸ்டூல் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து எடை பார்க்கிறான். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைக் கண்டால் நான் வேறு பக்கமாகப் போய்விடுவேன்.

ஒரு வருடம் கழித்து, கலூர் பஸ் ஸ்டாண்டில் சாமான் பொட்டலம் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். குளச்சல்காரர். சட்டையெல்லாம் சிமென்ட். கட்டிட வேலைக்குப் போவதாகச் சொன்னார். உடம்பு பாதியாகியிருந்தது.

"தம்பி, அண்ணனுக்குக் கால் எப்படி இருக்கு?"

"நடக்கிறான். ஏலத்துல இருக்கான்."

"கடலுக்கு?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் முகம் சுருங்கியது. பஸ் ஒன்று வந்து நின்று, கிளி என்று இங்கே கூப்பிடும் கதவுப் பையன் இடத்தின் பெயரைக் கூவத் தொடங்கினான். அது அவருடைய பஸ். ஆனால் அவர் நகரவில்லை.

"வந்து பாக்க எனக்கு மொகமில்ல தம்பி. இன்னும் ஒரு வாளி ஊத்தி நல்லாக் கழுவியிருக்கலாம். நெனச்சா ஒறக்கம் வரமாட்டேங்கு. பொஞ்சாதிகிட்டகூடச் சொல்லல. நீங்க குடும்பத்தோட என்னைய மன்னிக்கணும்."

சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திருக்காது. அண்ணி இல்லை, அண்ணன் இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அவரும் நானும்தான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாரமில்ல அண்ணே, விடுங்க," என்றேன். "நாங்க அதையெல்லாம் அப்பவே மறந்தாச்சு."

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, "பெரிய மனசு தம்பி உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்.