பாறைமேல் வெட்டிய குழி

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற வழியில் உள்ள அந்தச் சின்ன ஊருக்குச் சாக்கடை என்று ஒன்று உண்டு; அதைப் பார்த்துக்கொள்ளப் பச்சைமுத்து என்று ஓர் ஆளும் உண்டு. ஊராட்சியில் அவருக்குத் தூய்மைக் காவலர் என்று பேர். பேரைக் கேட்டால் தொப்பியும் விசிலும் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றும். கொடுத்தது ஒரு மண்வெட்டியும் சீக்கிரமே கிழிந்துபோன கையுறையும்தான்.

ஊர் மேட்டில் இருக்கிறது, காலனி பள்ளத்தில். ஊரார் குளித்த தண்ணீர், கழுவிய தண்ணீர் எல்லாம் மண் வாய்க்கால் வழியாகக் காலனிக்குள் இறங்கிக் கடைசி வீட்டு வாசலில் வந்து நிற்கும். கடைசி வீடு பச்சைமுத்துவுடையது.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் அம்மன் வீதியுலா வருவாள். அம்மன் போகிற தெருக்களில் மட்டும் வாய்க்காலைச் சுத்தமாக வாரிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். காலனிக்கு அம்மன் வருவதில்லை. ஆகவே அங்கே வாருவதும் இல்லை. வருஷா வருஷம் பச்சைமுத்து மேலே அடைப்பை எடுத்துவிடுவார். தேங்கிக் கிடந்த அத்தனையும் ஒரே மூச்சாக அவர் வீட்டுக்கே வந்து சேரும். தன் வீட்டுக்குள் தானே சாக்கடை வெட்டிவிடும் பிழைப்பு வேறு யாருக்கு வாய்க்கும்!

அப்படி ஓர் ஆடியில் தண்ணீர் அடுப்படிக்குள் ஏறியது. அவர் மனைவி மகாலட்சுமி காலில் புண் வந்து சீழ் பிடித்துப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். வீடு திரும்பியதும் துணிமணியைப் பையில் அடைத்தாள்.

"ஒன்ன உட்டுட்டுப் போவலய்யா. இந்தத் தண்ணிய உட்டுட்டுப் போறேன். அது நின்னா சொல்லு, வந்துடறேன்" என்றாள். பூந்தமல்லியில் இருக்கிற மகன் வளவன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து பச்சைமுத்து ஆக்கித் தின்பது ஒருவேளைதான். ராத்திரியில் போன் பேசும்போது தண்ணீர் நின்றதா என்று அவளும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை.

அப்புறம் ஒருவழியாகச் சிமென்ட் கால்வாய் சாங்ஷன் ஆனது. காலனியைக் கடந்து ஓடை வரை கொண்டுபோவதாகத் திட்டம். இடையில் பொன்னுசாமியின் கழனி ஒரு துண்டு குறுக்கே கிடந்தது. பொன்னுசாமி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மகாலட்சுமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவர்தான். ஆனால் ஊர்ச் சாக்கடை தன் நெல்லுக்குள் போகக் கூடாது என்பதில் மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை.

திட்டம் திரும்பிப் போகாமலிருக்க ஓவர்சியர் ஒரு வழி கண்டுபிடித்தார். கால்வாயைக் காலனிக் கடைசியிலேயே நிறுத்தி, அங்கே ஓர் உறிஞ்சுகுழி வெட்டிவிட்டால் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். பச்சைமுத்துவைக் கூப்பிட்டு, கீழே பாறை இருக்கிறதா என்று கேட்டார்.

செஞ்சிப் பக்கத்தில் இப்படி ஒரு கேள்வி! இங்கே மலை வெளியில் தெரிவது பாதிதான், மீதி காலடியில் கிடக்கிறது. இடுப்பளவு தோண்டினால் கடப்பாரையில் பொறி பறக்கும் என்பது பச்சைமுத்துவுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் கால்வாயும் போய்விடும், அவளும் வரமாட்டாள்.

"எல்லாம் மண்ணுதான் சார்" என்றார்.

ஜேசிபி இடுப்பளவு தோண்டியதும் பாறையில் மோதி நின்றது. கான்ட்ராக்டரின் ஆட்கள் அதன்மேல் ஜல்லியைக் கொட்டி, சிலாப் போட்டு மூடி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வெயில் காலம், வருகிற கொஞ்சத் தண்ணீர் குழிக்குள்ளேயே அடங்கியது. வாசல் காய்ந்தது. பச்சைமுத்து சுவருக்கு வெள்ளையடித்தார், மனைவிக்குப் போன் போட்டார். ஆடிக்கு வருகிறேன் என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. அதை நினைத்து நினைத்துப் பல நாள் அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

கூழ் ஊற்றும் நாளன்று காலையில் வழக்கம்போல மேலே அடைப்பை எடுத்துவிட்டார். மத்தியானம் மகாலட்சுமி பையோடு தெருமுனையில் இறங்கியபோது, குழி நிரம்பி, சிலாப் இடுக்கு வழியாகக் கொப்பளித்துக்கொண்டு, வெள்ளையடித்த சுவரில் கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று மட்டும் கேட்டாள். இடுப்பளவு என்றார்.

"இந்த வூடு கட்டசொல்ல நாம ரெண்டு பேருந்தான கடப்பாற போட்டோம்?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் மண்ணுன்னு சொன்னியா?"

"நீ வரணும்னுதான் சொன்னன்" என்றார்.

அவள் பையைத் திறந்தாள். வாங்கிவந்த லுங்கியைத் தண்ணீர் படாமல் எட்டி அவர் கையில் கொடுத்தாள். கூழ் குடித்தாயா என்று கேட்டாள். வாசல்படி ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள்.

பஸ் சத்தம் அடங்கிய பிறகு பச்சைமுத்து சிலாப்பை நெம்பித் தள்ளிவிட்டுப் பக்கெட்டில் மொண்டார். இந்தப் பக்கம் பொன்னுசாமியின் முள்வேலி, அந்தப் பக்கம் அடுத்தவர் வீடு. ஊற்ற இடமில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தெருவின் மேல்முனைக்குப் போய்ப் புதுக் கால்வாயிலேயே ஊற்றினார். அதை நல்ல சரிவாக, வாட்டமாகத்தான் கட்டியிருந்தார்கள். அவர் திரும்பி வருவதற்குள் அந்தத் தண்ணீர் குழிக்கு வந்துவிட்டிருந்தது.