மெர்சி அத்தை செய்த கிரீடம்

மகள் ஆன்லைனில் வாங்கிய சீனக் கொண்டைப்பூ இன்று காலை வந்தது. செம்புக் கம்பியில் பட்டு நூலை முறுக்கிச் செய்த இதழ்களைத் தொட்டதும், கீழ்க்கட்டளை வீட்டில் கத்தரியும் நூலுமாய்க் குனிந்திருந்த மெர்சி அத்தை கண்முன் வந்தாள்.

அப்பாவின் தங்கை. சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த அப்படியொரு பூவைப் பிரித்துப் பார்த்தே அந்த வேலையைக் கற்றவள். தன் கல்யாணத்துக்காக மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு பூக்கிரீடம் செய்தாள். நடுவில் நீல எனாமல் பட்டாம்பூச்சி. அது முடிந்த வாரம் அவள் மணிக்கட்டில் ஒரு வெண்புள்ளி தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டார். கல்யாணம் நின்றது.

சில வாரம் கழித்து அந்தம்மா மறுபடி வந்தார்.

"பையனுக்கு வேற எடத்துல முடிஞ்சிடுச்சி. அந்தக் கிரீடம் சும்மாதானே இருக்கு? பொண்ணுக்கு நல்லாருக்கும்."

அப்பா சொன்னார்: "குடுத்துடு மெர்சி. சபையில நாலு பேர் நல்லவிதமா பேசணும். நீயே போய் வெச்சு வுட்டுடு."

கல்யாணத்தன்று ஊசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். எனக்கு ஒன்பது வயது. மணப்பெண்ணுக்கு எதுவும் தெரியாது.

"எவ்ளோ அழகா பண்ணியிருக்கீங்கக்கா! உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"தலைய ஆட்டாதம்மா, ஊசி குத்திடும்" என்றாள் அத்தை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, "உனக்குப் பெரிய மனசு மெர்சி" என்றார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு ஒரே வீட்டில் இருந்தும் அவரோடு அவள் பேசவில்லை. கடைசி நாட்களில் படுக்கையிலிருந்து அவர் "மெர்சி, மெர்சி" என்று கூப்பிடுவார். அவள் வந்து வாயைத் துடைத்துவிடுவாள். பதில் சொல்ல மாட்டாள்.