எவலின் பேரில் இருந்த கணக்கு

எவலின் கல்யாணம் செய்துகொண்டபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே அவளுடைய முப்பதுகள் போய்விட்டன. அப்பா இறந்த பிறகு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். காலையில் ஹோட்டலுக்குப் போய் லாண்டரிப் பிரிவில் விரிப்புகளை மடிப்பாள். மாலையில் வந்து டிவியைப் போட்டுவிடுவாள். பார்ப்பதற்காக இல்லை, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

ஐவனைக் கிள்ளானில் ஓர் உறவுக்காரக் கல்யாணத்தில் பார்த்தாள். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். முதல் கல்யாணம் முறிந்துவிட்டது, மகள் ஜானிஸ் தன் அம்மா சாந்தமேரியோடு கிள்ளானில் இருக்கிறாள், மாசா மாசம் பணம் அனுப்பிவிடுகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். மறைக்காமல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

கல்யாணமான சில வாரங்களில் அவளுடைய சம்பளம் வரும் பேங்க் கணக்கு எண்ணைக் கேட்டான். கம்பெனியில் சொல்லி, டிரிப் காசு முழுவதையும் அதிலேயே போடச் செய்தான். தன் கையில் காசு தங்காது, அவள் கையில் இருந்தால்தான் வீடு உருப்படும் என்றான். எவலின் உள்ளுக்குள் பூரித்துப்போனாள். அதுவரை அவளை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை, ஒரு நோயாளியைத் தவிர. லாண்டரியில் கூட வேலை பார்க்கும் பெண்களிடம், சம்பளத்தை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுகிறார் என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே ஐவன் சொன்னான்.

"கோர்ட்டுல உன்னக் கூப்பிடுவாங்க. அக்கவுண்ட்ல உள்ளது எல்லாம் உன் காசுன்னு சொல்லிடு. அவ்வளவுதான் லா."

எதற்குக் கோர்ட் என்று கேட்டாள். அவன் தட்டைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னான். ஜானிசுக்குக் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சத்தை எவலினைக் கல்யாணம் செய்வதற்கு முன்பே நிறுத்திவிட்டான். சாந்தமேரி வழக்குப் போட்டிருக்கிறாள். அவன் பேரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவன் காசு எங்கே போகிறது என்று இப்போது கண்டுபிடித்துவிட்டார்கள்.

எவலின் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, மாதாகோவில் மண்டபத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீல் தாமரையைப் போய்ப் பார்த்தாள். சின்ன வயதுப் பெண், பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க சம்பளம் உங்களோடதுதான் அக்கா. அவர் கடனுக்கு அதுல கை வைக்க முடியாது. ஆனா ரெண்டு பேர் காசும் ஒண்ணாக் கிடந்தா, எது உங்களோடதுன்னு நீங்கதான் காட்டணும். இப்ப எதையும் எடுத்து ஒளிச்சு வைக்காதீங்க. பொய்யும் சொல்லாதீங்க. அப்புறம் நீங்களும் மாட்டிக்குவீங்க."

அன்றைக்கே வேறு பேங்கில் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, இனி தன் சம்பளம் அதில் வரும்படி ஹோட்டலில் மாற்றச் சொன்னாள். பழைய கணக்கிலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை. பேங்கில் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. வாரிசு பேர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் பேனா நின்றது. பிறகு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கோர்ட்டில் உள்ளதைத்தான் சொல்வேன் என்று ஐவனிடம் சொன்னபோது அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உன்ன நம்பித்தானே போட்டேன்," என்றான்.

"என்னை நம்பி இல்ல ஐவன். என் பேருல இருந்தா யாரும் தேட மாட்டாங்கன்னு போட்டீங்க."

அவன் பால்கனிக்குப் போய் நின்றான்.

ஷா ஆலம் கோர்ட்டுக்கு இருவரும் தனித்தனியாகத்தான் போனார்கள். வெளியே பெஞ்சில் சாந்தமேரியும் அவள் பக்கத்தில் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐவனுடைய நெற்றி, உட்காரும்போது தோளைச் சாய்க்கும் அதே சாய்ப்பு. பள்ளிக்கூடக் காலணி ஓரத்தில் பிய்ந்திருந்தது. எவலினைக் கண்டதும் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கைப்பேசிக்குள் குனிந்துகொண்டாள். என்னைப் பற்றி இவளிடம் என்ன சொல்லி வைத்திருப்பார்கள் என்று எவலின் நினைத்தாள். அப்பாவின் பணத்தைப் பூட்டி வைத்திருக்கும் பொம்பளை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

உள்ளே கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். ஹோட்டல் சம்பளம் தன்னுடையது, மற்றது கணவருடைய டிரிப் காசு. ஐவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

முடிவில் அவன் காசு அந்தக் கணக்கிலிருந்து மகளுக்குப் போயிற்று. எவலினின் பங்கு அவளுக்கே நின்றது. இனி மாதந்தோறும் கம்பெனியே அவன் சம்பளத்தில் பிடித்து அனுப்ப வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. சாந்தமேரி அவளைக் கடந்து போகும்போது ஒரு வினாடி நின்றாள். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

ஐவன் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. துறைமுகத்தில் விடியற்காலை வேலை அதிகம், போய்வரத் தோது இல்லை என்று, கிள்ளானில் ராஜன் என்ற டிரைவரோடு ஓர் அறையில் தங்க ஆரம்பித்தான். முதலில் வாரம் ஒருமுறை வந்தான். பிறகு துணி எடுக்க மட்டும் வந்தான். கோவிலில் யாராவது விசாரித்தால் ஜோகூர் பக்கம் டிரிப் போயிருக்கிறார் என்பாள் எவலின். சில சமயம் அது உண்மையாகவும் இருந்தது.

செய்தது தப்பா என்று அவள் பல தடவை யோசித்துப் பார்த்தாள். தப்பென்று தோன்றவில்லை. அதனால் வீட்டில் எதுவும் மாறிவிடவுமில்லை. அரிசி போடும்போது கை பழக்கத்தில் கூடப் போட்டுவிடும். மிச்சத்தை மறுநாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போவாள்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஐவன் போன் செய்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள், இன்னும் சாப்பிடாவிட்டாலும். ஜானிஸ் தனக்கு மெசேஜ் அனுப்பியிருப்பதாகச் சொன்னான். என்ன என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. 'டேங்க் யூ பா'ன்னு மட்டும்."

மறுமுனையில் கண்டெய்னர்கள் இறங்கும் சத்தமும் யாரோ மலாயில் கூப்பிடும் குரலும் கேட்டன. வண்டியை எடுக்க வேண்டும் என்றான். பத்திரமாகப் போங்கள் என்றாள். வீட்டுக்கு வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.