கேள்விக்குக் கீழே ஒரு வரி

படிவம் தட்டச்சு செய்வதில் கேள்வியை அடிப்பது சுலபம். பதிலுக்கு இடம் விடுவதில்தான் உயிர் போகும். படிவம் நிரப்பி நொந்த அன்பர்களே, உங்களை நோகடித்த கைகளில் என்னுடையதும் ஒன்று. தென்காசியில் ஒரு தட்டச்சு நிலையத்தில் எனக்கு வேலை. ஊரில் யார் குரலும் என் வாயில் வரும் என்பது வேலைக்குச் சம்பந்தமில்லாத தகுதி.

ஒரே வரியில் ஊர்வலம்

குற்றாலத்தில் சீசன். வருகிறவர்களிடம் பேரும் ஊரும் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போன ஒரு லாட்ஜ் மேனேஜர், படிவம் வேண்டும் என்று எங்களிடம் வந்தார். நிலையத்தை நடத்தும் அண்ணாச்சி முதன்முதலாக என்னை நம்பி, பிரதிகள் உருட்டி எடுக்கும் ஸ்டென்சில் தாளைக் கொடுத்தார். நானோ அடுத்த வரிக்கு நகர்த்தும் லீவரைத் தள்ளாமல் 'பெயர், ஊர், தொழில், உடன் வந்தவர்' என்று ஒரே ஓட்டமாக அடித்து, பதிலுக்கு ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டேன்.

அருவியில் குளித்துத் தலை சொட்டச் சொட்ட வந்த ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "எம் பேரு இதுல அடங்காது. பாதிய வாசல்ல விட்டுட்டு வரவா?"

தொழில்: மாமியார்

அடுத்த ஸ்டென்சிலில் கேள்விக்கு ஒரு வரி, கீழே பதிலுக்கு ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி. கோவில்பட்டிக்காரர் ஒருவர், கேள்விக்கு மேலே இருப்பதுதான் அதன் கோடு என்று எடுத்துக்கொண்டார். பேரைத் தலைப்பருகே செருகிவிட்டார். 'பெயர்' என்பதன் கீழே கோவில்பட்டி. 'ஊர்' கீழே எண்ணெய் வியாபாரம். 'தொழில்' கீழே மனைவி, மாமியார்.

மேனேஜர் படிவத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வேலை போனால் மறுவாரமே வீட்டில் என் ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள் என்பது அண்ணாச்சிக்கும் தெரியும். அவர் சிரிக்காமல் சொன்னார்: "ஏட்டி, மூணாவதும் பாழாச்சுன்னா நீ வீட்லயே இருந்துக்கோ."

விட்டுப்போன இருமல்

மறுநாள் ஸ்டென்சிலைத் தொடவே பயம். வெற்றுத் தாளை மாட்டி, மேனேஜராகவே மாறினேன். "பேரு சொல்லுங்க சார்" என்று மூக்கால் கேட்டு, லீவரைத் தள்ளிக் காத்திருந்தேன். நான் பார்த்தேயிராத கோவில்பட்டிக்காரருக்கு நானே ஒரு குரல் வைத்துப் பதிலும் சொன்னேன். "ஊரு?" என்று ஆரம்பிக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். திரும்பினால், படிவம் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த மேனேஜர்!

எழுந்து நின்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எல்லாம் சரிதான் பிள்ள. ஆனா ஆளு பதில் சொன்னதும் ஒரு இருமல் இருமிட்டுதான் அடுத்தத கேப்பேன். அத விட்டுட்டியே!"

இரண்டு தள்ளு

அந்த இருமலுக்காகப் பதில் கோட்டுக்குப் பிறகு லீவரை இரண்டு தடவை தள்ளினேன். கேள்வியும் அதன் கோடும் ஒட்டிக்கொண்டன. அடுத்த கேள்வி விலகி நின்றது. சாரலில் ஓடிவந்த ஒரு குடும்பம் யாரையும் எதுவும் கேட்காமல் நிரப்பிக் கொடுத்தது என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

அண்ணாச்சி இயந்திரத்துக்கு உறை போட்டார். "நாளைக்கு வந்துரு, ஏட்டி. என் குரல மட்டும் நான் டீ குடிக்கப் போனப்புறம் எடு."

கேட்ட பிறகு வாயை மூடிக் காத்திருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு பெரியவர்கள் புண்ணியத்தில் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.