செருப்பில்லாமல் பார்த்த கொச்சி

எங்கள் ஊர் விராலிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலே அதைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட ஊரில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் எர்ணாகுளத்துப் படகுத்துறையில் போய் நின்றபோது திறந்த வாயை மூடவில்லை. மூடச் சொல்லி அக்கா முதுகில் கிள்ளினாள். எதிர்க்கரை எங்கோ ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. நடுவே எங்கள் ஊர்க் கோயிலைவிட உயரமான கப்பல் ஒன்று, தனக்கும் இந்த உலகத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நின்றுகொண்டிருந்தது. இரும்பு எப்படி மிதக்கும் என்று கேட்டேன். யாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை.

அந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். அம்மாவின் தம்பி, அதாவது மாமா, எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம், பழைய கொச்சியில் போர்த்துக்கீசியர் காலத்துக் கோயில் ஒன்று இருக்கிறதென்று அதன் கூரை ஓவியங்களைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கும் அது கோயில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் அம்மா, அந்தப் படத்தைப் போனில் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரில் காட்டுகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். கொடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. காரணம் அப்பாவின் சர்க்கரை வியாதி.

வெறுங்காலைத் தரையில் வைக்கவே கூடாது, புண் வந்தால் ஆறாது, விரலையே எடுக்க வேண்டி வரலாம் என்று புதுக்கோட்டை டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்கும் உரிமை அப்பா ஒருவருக்கே உண்டு. கறுப்பாக, தடியாக, பின்னால் வார் வைத்த செருப்பு. எனக்கு அந்த உரிமையின் மேல் பெரிய பொறாமை. கால் மரத்துப்போகிறதா என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம், அதெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றே அப்பா சொல்லி வந்தார். அந்த நம்பிக்கையில்தான் அம்மா கிளம்பினாள்.

மாமா தனக்குத் தெரிந்தவரின் மோட்டார் படகைப் பேசி வைத்திருந்தார். வினை அங்கேதான் தொடங்கியது. அந்தப் படகின் முன்பக்கம் ஒரு மரச்சிலுவை, அதன் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாதா படம், சுற்றிலும் மின்னும் சீரியல் விளக்கு. எங்கள் ஊரில் திருவிழாவுக்கு மாதாவைச் சுமந்துவரும் சப்பரம் அப்படித்தான் இருக்கும். சப்பரம் வந்தால் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும், மூளையைக் கேட்டுக்கொண்டிருக்காது. அம்மா முதலில் கழற்றினாள். பிறகு அக்கா, நான். அங்கேயே இருந்துவந்த மாமாகூடத் தன் அக்காவைப் பார்த்துவிட்டுக் கழற்றினார். போட்டுக்கொண்டே வரலாம் என்று பங்குச் சாமியாரே சொல்லியும் கோயிலுக்குள் செருப்போடு வராத அப்பா சும்மா இருப்பாரா? குனிந்து வாரை அவிழ்த்து, ஜோடியாகத் துறையோரம் வைத்துவிட்டு ஏறினார். படகோட்டி இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

படகு கிளம்பியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையைப் பிடித்துவிட்டாள். நானோ கண்ணை மூடவே இல்லை. அந்தக் கப்பலின் அடியில் போனோம். அதன் பக்கச்சுவர் துருவும் பாசியுமாக மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. எங்கள் பேச்சு அதில் மோதித் திரும்பி வந்தது. கரை நெருங்க, மரக்கம்புகளில் கட்டிய பிரம்மாண்டமான சீன வலைகள் தண்ணீரிலிருந்து மெதுவாக எழுந்து வந்தன. அந்த அழகில் நான் மூச்சுவிட மறந்துபோயிருந்த நேரத்தில்தான் அக்கா சொன்னாள்.

"ஏம்மா, நம்ம யாரு கால்லயும் செருப்பக் காணமே!"

அம்மா கண்ணைத் திறந்தாள். முதலில் பார்த்தது அப்பாவின் காலை. படகோட்டிக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. துறையில் இருந்த டீக்கடைக்காரருக்குப் போன் போட்டு எடுத்து வைக்கச் சொன்னார். செருப்புகள் பத்திரம், அந்தப் பக்கம். கால்கள் இந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமையானதால் கடைகள் அடைத்துக் கிடந்தன. கரையோரம் இருந்த ஓரிரு தள்ளுவண்டிகளில் தொப்பியும் சிப்பி மாலையும்தான் விற்றார்கள்.

உடனே திரும்பிவிடலாம் என்றாள் அம்மா. இல்லையென்றால் அவராவது படகிலேயே இருக்கட்டும் என்று மாமாவிடம் கெஞ்சினாள். அப்பா கேட்கவில்லை.

"ஒனக்குக் காட்டத்தானே இம்புட்டுத் தூரம் வந்தேன். நான் படகுல உக்காந்துக்கிட்டு ஒன்னய மட்டும் அனுப்புறதா? வா, போவோம். இந்தா இருக்கு."

மே மாதத்து உச்சி வெயில். ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. தார்ச்சாலை அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லாகக் காய்ந்தது. அக்காவும் மாமாவும் நானும் தூங்குமூஞ்சி மரத்து நிழல் ஒவ்வொன்றாகத் தேடித் தாவினோம். நடுவில் வெயில் வந்தால் கத்திக்கொண்டே ஓடினோம். அப்பா மட்டும் நடுரோட்டில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரன் கட்டிய வீடுகளின் பெரிய ஜன்னல்களைப் பார்த்தபடி நிதானமாக நடந்தார். என் தாவலைப் பார்த்துவிட்டுத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்த உயரத்திலிருந்து ஊர் எனக்கே எழுதி வைத்ததுபோல விரிந்தது. எனக்கு அப்பாவை நினைத்துத் தாங்க முடியாத பெருமை.

"ஒங்களுக்குச் சுடலயாப்பா?"

"எங்க தாயி சுடுது? எனக்கு ஒண்ணுமே தெரியலயே" என்றார். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

பக்கத்து மர நிழலில் வந்துகொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு எங்களுக்குப் பின்னால் வந்தாள். அதற்கு அப்புறம் அவள் நிழல் தேடவில்லை. அப்பா நடந்த அதே நடுரோட்டில் நடந்தாள். வழியெல்லாம் அவள் கால் துடிப்பதை மேலிருந்து நான் பார்த்தேன். அம்மாவுக்கு அப்பா அளவுக்குத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலுக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். கூரை முழுக்கப் படங்கள். தங்கமும் நீலமும் சிவப்புமாக மனிதர்கள், மேகங்கள், சிறகுகள். போனில் பார்த்தபோது இது இவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. கழுத்து வலித்தும் தலையைக் கீழே இறக்க மனமில்லை. சுவர்க்கத்துக்குப் போக வேண்டுமானால் எர்ணாகுளத்தில் படகு ஏற வேண்டும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பெஞ்சு வரிசைகள் இருந்தும், ஊர் வழக்கப்படி அப்பா நடுப்பாதையில் தரையிலேயே முழந்தாளிட்டார். அவருக்கு நேர்பின்னால் அம்மா. அம்மாவின் சந்தோஷத்தைப் பார்க்கலாமென்று திரும்பினேன். அவள் மேலே பார்க்கவே இல்லை. முழந்தாளிட்டிருந்த அப்பாவின் உள்ளங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கறுப்பாகத் தார் அப்பி, தோல் வழன்று, நடுவில் சிவப்பாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று நினைத்தேன். எவ்வளவோ வருஷம் காத்திருந்து வந்துவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது.

"மேல பாரும்மா" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அம்மா நிமிர்ந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பாடா, ஒருவழியாகப் பார்த்துவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாயிற்று. இத்தனை அழகைப் பார்த்தால் பெரியவர்களுக்கு அழுகை வரும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அந்தக் கூரையைப் பார்த்து நானும் கொஞ்சம் அழப் பார்த்தேன். வரவில்லை.