அதிருப்தி தேவை

சாப்பாட்டு மணி அடித்ததும், கையில் சமோசாத் தட்டும் கக்கத்தில் கேள்வித்தாள் கட்டுமாக ஜெயசீலன் தையல் பிரிவுக்குள் நுழைந்தார். "முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் மனசுல இன்னா இருக்கோ, பயப்படாம டிக் போடுங்க."

ஆம்பூர் ஷூ தொழிற்சாலை ஒன்றில் அவர் பணியாளர் மேலாளர். வணிக நிர்வாகத்தில் முனைவர் பட்டம் வாங்க ஏழாவது வருடமாக ஆராய்ச்சி செய்கிறார். தலைப்பு, தொழிலாளர்களின் பணித்திருப்தி. சத்துவாச்சாரி வீட்டு வாசலில் பெயர்ப்பலகைகூட மாட்டியாயிற்று. 'முனைவர்' என்ற சொல்லை மட்டும் தோல் துண்டு ஒட்டி மறைத்திருக்கிறார். மழையில் தோல் சுருங்கி 'மு' எட்டிப்பார்த்தால், வெட்கப்பட்டு வேறு துண்டு ஒட்டுவார்.

இடைஞ்சல் ஒன்றுதான். அத்தனை பேரும் அத்தனை கேள்விக்கும் 'முழுத் திருப்தி' என்றே டிக் போட்டுவிட்டார்கள். ஆராய்ச்சி நெறியாளர் தேவகிருபை அம்மையார் தாள்கட்டைத் திருப்பித் தள்ளினார். "என்ன சார் இது, ஆராய்ச்சியா, பாராட்டு விழாவா? ஒருத்தராவது முகம் சுளிக்க வேணாமா? இந்த மாசத்தோட உங்க பதிவு முடியுது. இனிமே நீட்டிப்பு கிடையாது."

சமோசாதான் வாயை அடைக்கிறது என்று முடிவுகட்டி, மறுநாள் வெறுங்கையோடு போனார்.

"பாவம், சமோசா வாங்கக்கூட காசில்லாம போய்ட்டாரு போல," என்றாள் பூர்ணிமா பக்கத்து மிஷின்காரிகளிடம். "நல்லதாவே போடுங்கடி."

அதற்கும் மறுநாள்தான் விடிவு பிறந்தது. கடைசி வரிசையில் டிபன் மூடியால் விசிறிக்கொண்டிருந்த பூவம்மாள் குரல் கொடுத்தார். "சார்! இந்த ஃபேன் ரெண்டு மாசமா சுத்தல. சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது. இன்னா மேனேஜரோ!"

ஜெயசீலனின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "இதே கோவத்தோட டிக் போடுங்கம்மா. கொஞ்சம்கூட கம்மி பண்ணிடாதீங்க."

அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரீஷியன் கோபி ஏணியோடு வந்து நின்றான். "எந்த ஃபேன் சார்?"

"இருப்பா! அவங்க முடிக்கட்டும்." ஏணியின் முதல் படியில் காலை வைத்து அழுத்திக்கொண்டார்.

பூவம்மாள் மூன்று கேள்விக்கு 'அதிருப்தி' போட்டுவிட்டார். நெற்றி வியர்வை ஒரு சொட்டு தாளில் விழுந்தது. டிக் கலைந்துவிடப் போகிறதே என்று பதறிய ஜெயசீலன், பழைய 'முழுத் திருப்தி' தாள்களில் ஒரு கற்றையை உருவி அவருக்கு விசிறத் தொடங்கினார்.

பூவம்மாள் கண்களை மூடிக்கொண்டார். "அப்பாடா! இப்பதான் சார் நல்லாருக்கு."

விசிறிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.